மனைவியின் ஊருக்கு முதல் பயணம்: தசராவுக்கா, பஞ்சமிக்கா, சும்மா ஒரு நாலு நாளைக்கா?

பெங்களூரில் அல்சூர் ஏரிக்கரையில் வள்ளுவர் சிலை இருக்கிற பக்கம்தான் நாங்கள் மூன்று தலைமுறையாகக் குடியிருக்கிறோம். வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் கன்னடம். எங்கள் பக்கத்தில் கன்னட வீடுகளில் பெண் எடுப்பதும் கொடுப்பதும் இப்போது யாருக்கும் புதுசு இல்லை. போன மாதம் சித்தி மகன் போன் செய்தான். அவனுக்கு நிச்சயமாகியிருக்கும் பெண்ணுக்கு வட கர்நாடகத்தில் ராணிபென்னூர். “அண்ணா, கல்யாணம் முடிஞ்சு முதல் தடவை அவங்க ஊருக்கு எப்போ போறது? எதுல போறது? நீங்க எப்படிப் போனீங்க?” என்று கேட்டான்.

நான் ஒரு மணி நேரம் பேசினேன். என் மனைவியும் அந்தப் பக்கம்தான், தார்வாட்காரி. கல்யாணமாகி ஆறு வருடத்தில் தசராவுக்கு, பஞ்சமிக்கு, யுகாதிக்கு, எந்த விசேஷமும் இல்லாத நாளுக்கு என்று பலமுறை போய் வந்துவிட்டோம். பஸ், ராத்திரி ரயில், கார், வந்தே பாரத் எல்லாவற்றிலும் போயிருக்கிறோம். அவனிடம் சொன்னதை இங்கே கொஞ்சம் நிதானமாக எழுதுகிறேன்.

முதல் தடவை நான் தப்பாகப் போனேன். எங்கள் கல்யாணம் ஆவணியில் நடந்தது. அடுத்து வந்த தசராவில் வெள்ளிக்கிழமை, திங்கள்கிழமை லீவு சேர்ந்திருந்தது. இதைவிட வசதியான நேரம் கிடைக்காது என்று நினைத்து, ஆனந்த ராவ் சர்க்கிளிலிருந்து ஒரு தனியார் ஸ்லீப்பர் பஸ்ஸில் புக் செய்தேன். இரவு ஒன்பதரைக்கு வர வேண்டிய பஸ் பன்னிரண்டரைக்கு வந்தது. கொரகுண்டேபாளையாவைத் தாண்டவே ஒரு மணி நேரம். காலையில் ஊருக்குள் போகாமல் பைபாஸ் ஓரத்தில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். மாமனார் ஸ்கூட்டரில் வந்து, இரண்டு நடை அடித்து எங்களையும் பெட்டிகளையும் வீட்டுக்குக் கொண்டு போனார்.

வீட்டில் முப்பது பேர். எல்லோரும் என்னைக் கொண்டாடினார்கள். என் மனைவி நேராகச் சமையலறைக்குள் போனாள். இரண்டு நாளும் அங்கேயே இருந்தாள். கிளம்பிய பிறகு பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு அழுதாள். “அவ்வாகூட உட்கார்ந்து பத்து நிமிஷம் பேசல” என்றாள். அவ்வா என்றால் அங்கே அம்மா. நான் எனக்கு எத்தனை நாள் லீவு என்று பார்த்தேனே தவிர, இந்தப் பயணம் யாருக்காக என்று ஒரு தடவைகூட நினைக்கவில்லை.

அதனால் இப்போது எந்த நாளை, எந்த வண்டியைப் பற்றிக் கேட்டாலும் நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான். அவளுக்கும் அவள் அம்மாவுக்கும் இதில் எத்தனை மணி நேரம் கிடைக்கும்?

இதை வைத்துப் பார்த்தால் தசரா முதல் பயணத்துக்கு ஏற்றதல்ல. ஆனால் தசராவுக்கு ஒரு பெரிய சிறப்பு உண்டு. விஜயதசமி மாலை வட கர்நாடகத்தில் வன்னி இலையைத் தங்கம் என்று சொல்லி ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்வார்கள். நம் வன்னி மரம்தான், கன்னடத்தில் ‘வ’ ‘ப’ ஆகி ‘பன்னி’ என்பார்கள். “இதை வாங்கிக்கொண்டு தங்கம்போல இருப்போம்” என்று சொல்லி இலையை நீட்டுவார்கள், சின்னவர்கள் பெரியவர்கள் காலைத் தொட்டுக் கும்பிடுவார்கள். தெருவில் ஒவ்வொரு வீடாக ஏறி இறங்க வேண்டும். ஒரே மாலையில் காக்கா (அங்கே சித்தப்பாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள்), மாமா, அத்தை, பள்ளிக்கூட ஆசிரியர், பால்காரர் என்று ஊரையே பார்த்துவிடலாம். முகங்கள் ஓரளவு பழகிய பிறகு, இரண்டாவது மூன்றாவது தடவை போகும்போது இது மிக நன்றாக இருக்கும். முதல் தடவை போனால் யார் யார் என்று ஒன்றும் மனதில் நிற்காது.

யுகாதிக்கு ஒரு நாள்தான் விசேஷம். வேப்பம்பூவும் வெல்லமும் சேர்த்துத் தருவார்கள், மதியம் ஹோளிகே, அதாவது நம் போளி, சாப்பிட்டால் முடிந்தது. வெயில் வேறு ஏறியிருக்கும், ஆபீசில் வருடக் கணக்கு முடிக்கிற நெருக்கடி வேறு. தலை தீபாவளியில் தேர்ந்தெடுக்க ஒன்றுமில்லை. அழைப்பு வரும், போக வேண்டும், அவ்வளவுதான்.

பஞ்சமி அப்படியல்ல. நாக பஞ்சமி நமக்கு ஒரு விரத நாள் மாதிரிதான் தெரியும். வட கர்நாடகத்தில் அது கல்யாணமான பெண்கள் தாய்வீட்டுக்கு வருகிற பண்டிகை. அண்ணனோ தம்பியோ போய் அழைத்து வருவதுதான் பழைய முறை. வீட்டு உத்தரத்திலும் மரக்கிளையிலும் ஊஞ்சல் கட்டுவார்கள். வேர்க்கடலை உண்டை, ரவை உண்டை, எள்ளுண்டை என்று டப்பா டப்பாவாகச் செய்து வைப்பார்கள். ரொட்டிக்கென்றே ஒரு நாள் உண்டு. அன்றைக்குத் தட்டின கம்பு ரொட்டியும் சோள ரொட்டியும் பொரியலும் பக்கத்து வீடுகளுக்குப் போகும், அங்கிருந்தும் வரும். மறுநாள் நாகருக்குப் பால். அந்த நாட்களில் மகளை யாரும் வேலை செய்யச் சொல்வதில்லை. என் மாமியார் என் மனைவியின் தலையை மடியில் வைத்து எண்ணெய் தேய்த்ததை நான் பஞ்சமியில்தான் பார்த்தேன்.

இந்தப் பண்டிகை சிராவண மாதத்து வளர்பிறை ஐந்தாம் நாள் வரும். 2024-இல் ஆகஸ்ட் 9, 2025-இல் ஜூலை 29. பெரும்பாலும் நம் ஆடி மாதத்துக்குள் விழுந்துவிடும். முதல் வருடம் என் அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கினேன். எங்கள் தெரு மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் நேரம், மருமகள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று நினைப்பார்களோ என்று பயம். அம்மா யோசிக்கவே இல்லை. “ஆடிக்குப் பொண்ணு தாய்வீடு போறதுதானே முறை? அவங்க ஊர்லயும் அப்படித்தானா? நல்லதாப் போச்சு” என்றார். இரண்டு ஊர் வழக்கமும் ஒன்றாக வந்து நின்றது எனக்குப் பெரிய நிம்மதி. உங்கள் வீட்டில் பெரியவர்கள் தயங்கினால் இதைச் சொல்லிப் பாருங்கள்.

ஆனால் இதே பஞ்சமி, அந்தப் பக்கத்துப் பையனைக் கட்டிக்கொண்ட நம் வீட்டுப் பெண்களுக்கு ஏற்ற நேரம் இல்லை. அன்றைக்கு நாத்தனார்கள் எல்லோரும் தாய்வீட்டுக்கு வந்திருப்பார்கள், புது மருமகள் அடுப்படியில் நிற்க வேண்டிவரும். அவர்கள் முறைப்படி பார்த்தாலும் மருமகள் அன்று தன் அம்மா வீட்டில் இருக்க வேண்டியவள். அவர்கள் ஆடிக்கு இங்கே வந்துவிட்டு, மாமியார் வீட்டுக்கு வேறு நாளில் போவது நல்லது.

சரி, முதல் தடவைக்குப் பஞ்சமியா? எனக்கு அதிலும் ஒரு தயக்கம் உண்டு. பஞ்சமியில் அவள் மகளாக இருப்பாள், அது நல்லது. ஆனால் அக்கா தங்கைகள், பெரியப்பா மகள்கள் எல்லோரும் வருவார்கள். மாப்பிள்ளை எங்கே உட்காருவது, யாரிடம் பேசுவது என்று அவள் கவனம் உங்கள்மேலேயே இருக்கும். ஆகவே முதல் பயணத்துக்கு நான் சொல்வது, ஒரு விசேஷமும் இல்லாத புதன்கிழமை கிளம்பி ஞாயிற்றுக்கிழமை திரும்புவது. இரண்டு நாள் லீவு கூடுதலாகச் செலவாகும். அதைச் செலவு செய்யலாம்.

நாங்கள் அப்படி ஒரு தடவை நவம்பரில் போனோம். மாமனார் காலையில் என்னைக் கெலகேரி ஏரிக்கு நடக்கக் கூட்டிப் போனார். மதியம் எல்லோரும் தூங்கினார்கள். சாயங்காலம் மிளகாய் பஜ்ஜியும் கிர்மிட்டும் வாங்கி வந்து திண்ணையில் வைத்துச் சாப்பிட்டோம். கிர்மிட் என்பது பொரியில் வெங்காயம், தக்காளி, பொட்டுக்கடலை மாவு எல்லாம் போட்டுப் பிசைந்து தருவது. மூன்றாம் நாள் மாமியார் என்னைச் சமையலறை வாசலில் உட்கார வைத்து ரொட்டி தட்டிக் காட்டினார். அந்த நாலு நாளில்தான் அந்த வீட்டில் நான் விருந்தாளி இல்லாமல் ஆனேன். உள்ளே அம்மாவும் மகளும் பேசிக்கொண்டே இருந்தார்கள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

அதற்கடுத்த வருடங்களில் பஞ்சமிக்கு ஒரு வழி கண்டுபிடித்தோம். அவள் நாலைந்து நாள் முன்னாலேயே தனியாகப் போவாள். நான் கடைசி இரண்டு நாளுக்குப் போய்க் கூட்டிக்கொண்டு வருவேன். எங்கள் வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இதுவரை அமையவில்லை.

இனி வண்டி. பெங்களூரிலிருந்து தார்வாட் ரயிலில் சுமார் 490 கிலோமீட்டர், சாலையில் 430 பக்கம்.

தனியார் ஸ்லீப்பர் பஸ்ஸை நீண்ட வார இறுதிகளில் தவிர்த்துவிடுங்கள். கட்டணமும் ஏறிவிடும், நேரத்துக்கும் உத்தரவாதம் இல்லை. சாதாரண நாளில் பரவாயில்லை. மெஜஸ்டிக்கிலிருந்து அரசு பஸ்கள் நிறைய உண்டு, அவை ஊருக்குள் பஸ் ஸ்டாண்டிலேயே இறக்கிவிடும். அதோடு கர்நாடக முகவரி உள்ள அடையாள அட்டை இருந்தால் பெண்களுக்கு அரசின் சாதாரண பஸ்களில் கட்டணம் கிடையாது. சக்தி திட்டம், 2023 ஜூன் 11 முதல் நடக்கிறது. சொகுசு பஸ்களுக்கும் ஸ்லீப்பருக்கும் அது பொருந்தாது. உட்கார்ந்தே எட்டு ஒன்பது மணி நேரம் போக வேண்டும் என்பதால் புது மணப்பெண்ணை அதில் கூட்டிப் போகச் சொல்ல மாட்டேன். ஆனால் மாமியார் நினைத்த நேரத்தில் மகளைப் பார்க்கக் கிளம்பி வருவதற்கு அது எவ்வளவு உதவியாக இருக்கிறது என்பதை எங்கள் வீட்டிலேயே பார்க்கிறேன்.

ராத்திரி ரயில் என்றால் ராணி சென்னம்மா எக்ஸ்பிரஸ். 1824-இல் வெள்ளைக்காரர்களை எதிர்த்துப் படை திரட்டிய கித்தூர் ராணியின் பெயர். கித்தூர் தார்வாடுக்குப் பக்கம்தான், அதனால் அந்த ரயிலை அவர்கள் தங்கள் வீட்டு ரயில் மாதிரி பேசுவார்கள். பெங்களூரில் ராத்திரி பதினொரு மணி வாக்கில் ஏறினால் காலைக் காபி நேரத்தில் தார்வாட். ஒரு பகலும் வீணாகாது என்பது இதில் இருக்கும் பெரிய லாபம். வியாழன் ராத்திரி ஏறினால் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று பகல் முழுசாகக் கிடைக்கும். டிக்கெட்தான் பிரச்சினை. முன்பதிவு 60 நாள் முன்னால் திறக்கிறது, முன்பு 120 நாளாக இருந்தது, 2024 நவம்பரில் குறைத்துவிட்டார்கள். பஞ்சமிக்குப் போக நினைத்தால் காலண்டரில் 60 நாள் பின்னால் எண்ணி அந்தத் தேதியில் குறித்து வையுங்கள். தட்கலை நம்பிப் புது மாமனாரிடம் வருகிறேன் என்று சொல்லாதீர்கள்.

வந்தே பாரத் 2023 ஜூன் 27 அன்று தொடங்கியது. விடிகாலை ஆறு மணிக்கு முன்பே கிளம்பிவிடும், மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு தார்வாடில் இருக்கலாம். அல்சூரிலிருந்து அந்த நேரத்துக்கு மெட்ரோவை நம்ப முடியாது, ஆட்டோவை முந்தின இரவே சொல்லி வைக்க வேண்டும். 2025 ஆகஸ்ட் 10 முதல் பெலகாவிக்கு இன்னொரு வந்தே பாரத் ஓடுகிறது. அது பெங்களூரில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கிளம்பி ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் தார்வாட் போகும். முதல் பயணத்துக்கு இரண்டில் எது என்றால் காலை வண்டிதான். மதியம் இலை போட்டுக் காத்திருக்கும் வீட்டுக்குப் போய் இறங்குவது ஒரு விதம், ராத்திரி எட்டு மணிக்குக் களைத்துப்போய் இறங்குவது வேறு விதம். அதோடு உட்கார்ந்தே போவதால் உடை கசங்காமல், முகம் கழுவி, புடவை மாற்றாமல் நேரே வாசலில் நிற்கலாம். என் மனைவிக்கு அது முக்கியமாக இருந்தது. சித்தி மகனுக்கு இதே வண்டி சரி, தாவணகெரேயில் இறங்கினால் ராணிபென்னூர் பஸ்ஸில் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம்தான். ஹூப்ளியில் இறங்குகிறவர்கள் பெட்டி எங்கே நிற்கும் என்று முன்பே கேட்டு வையுங்கள். அங்கே உள்ள நடைமேடை 1,507 மீட்டர், உலகத்திலேயே நீளமானது. வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு தப்பான பக்கம் இறங்கினால் கால் வலிதான் மிஞ்சும்.

ஹூப்ளிக்கு விமானமும் இருக்கிறது. அல்சூரிலிருந்து தேவனஹள்ளிக்குப் போகிற நேரம், அங்கே காத்திருக்கிற நேரம், ஹூப்ளியில் இறங்கி தார்வாட் போகிற நேரம் எல்லாம் சேர்த்தால் ரயிலைவிட அவ்வளவாக மிச்சமாகாது.

காரைப் பற்றி என் எண்ணம் மாறியிருக்கிறது. முதலில் அது வீண் களைப்பு என்று நினைத்தேன். தும்கூர், சித்ரதுர்கா, தாவணகெரே, ஹாவேரி என்று தேசிய நெடுஞ்சாலை 48-இல் நேர் பாதை, ஏழெட்டு மணி நேரம். தாவணகெரேயில் வெண்ணெய் தோசைக்கு நிறுத்தாமல் யாரும் போவதில்லை. ஹாவேரி மாவட்டம் வரும்போது எனக்கு ஒவ்வொரு தடவையும் ஒரு நினைப்பு வரும். கன்னடக் கவிஞர் சர்வஞ்ஞர் பிறந்த மண் அது. எங்கள் ஏரிக்கரையில் வள்ளுவர் சிலை பதினெட்டு வருடம் மூடிக் கிடந்து, 2009 ஆகஸ்ட் 9-இல் திறந்தார்கள். பதிலுக்கு நாலு நாளில் சென்னை அயனாவரத்தில் சர்வஞ்ஞர் சிலையைத் திறந்தார்கள். மூடியிருந்த சிலையைப் பார்த்தே வளர்ந்தவன் நான். இப்போது சர்வஞ்ஞர் ஊர் வழியாக மாமனார் வீட்டுக்குப் போகிறேன் என்பதை என் மனைவியிடம் சொன்னபோது, அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கார் எதற்கு நல்லது என்று போன பிறகுதான் தெரிந்தது. மாமியாரைச் சமையலறையிலிருந்து வெளியே கொண்டு வர அது ஒன்றுதான் வழி. வீட்டில் இருந்தால் அவர் உட்கார மாட்டார். ஒரு நாள் ஹூப்ளி சித்தாரூடர் மடம், இன்னொரு நாள் தார்வாட் சோமேஸ்வரர் கோவில் என்று கூட்டிப் போனோம். பின் சீட்டில் அம்மாவும் மகளும், முன்னால் நானும் மாமனாரும். மடத்துக்குப் போய் வந்த அந்த இரண்டு மணி நேரத்தில் அவர்கள் பேசியது அதற்கு முன் மூன்று நாளில் பேசியதைவிட அதிகம். அதனால் நாலு நாள் பயணம் என்றால் கார், இரண்டு மூன்று நாள் என்றால் ரயில் என்று வைத்துக்கொண்டிருக்கிறோம்.

எங்கே தங்குவது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வீட்டில்தான். ஒரே குளியலறை, தரையில் படுக்கை என்று இருந்தாலும் வீட்டில்தான். லாட்ஜ் என்ற பேச்சை எடுத்தாலே அவர்கள் மனம் நோகும். உங்கள் அப்பா அம்மாவையும் கூட்டிப் போவதாக இருந்தால் மட்டும் யோசிக்கலாம். ஆனால் அவர்களை முதல் பயணத்தில் கூட்டிப் போகாதீர்கள். சம்பந்தி வருகிறார் என்றால் அது தேங்காய், வெற்றிலை பாக்கு, புடவை என்று வேறு மாதிரி ஆகிவிடும், மாமியார் மறுபடி அடுப்படிக்குள் போய்விடுவார்.

மொழிக்குப் பயப்பட வேண்டாம், ஆனால் நாம் பெங்களூரில் பேசுகிற கன்னடம் அங்கே கொஞ்சம் மொட்டையாகத் தெரியும். அவர்கள் எதற்கும் ‘ரி’ சேர்ப்பார்கள். பர்ரி, குந்தர்ரி, ஹௌத்ரி. வாங்க, உட்காருங்க, ஆமாங்க. நம்முடைய ‘ங்க’தான். இது புரிந்த நாளிலிருந்து எனக்கு தார்வாட் பேச்சு கோயம்புத்தூர்ப் பேச்சு மாதிரி காதுக்கு இதமாகிவிட்டது. சாப்பாட்டில் போதும் என்று சொல்ல “சாக்ரி” என்ற வார்த்தையைக் கற்றுக்கொண்டு போங்கள். மூன்று தடவை சொன்னால்தான் நிறுத்துவார்கள்.

கொண்டு போக முறுக்கும் அதிரசமும் நல்லது, அம்மா கையால் சுட்டதாக இருந்தால் இன்னும் நல்லது. நான் ஒரு கிலோ ஃபில்டர் காபித் தூள் கொண்டு போனேன். அந்த வீட்டில் எல்லோரும் டீ குடிக்கிறவர்கள். அடுத்த தடவை போனபோது எனக்காக மட்டும் ஒரு ஃபில்டர் வாங்கி வைத்திருந்தார்கள்.

திரும்பும் டிக்கெட் போடும்போது ஒன்றைக் கவனியுங்கள். மகள் கிளம்பும்போது அம்மா உடி நிரப்புவார். முந்தானையை மடியில் விரித்துப் பிடிக்கச் சொல்லி அரிசி, தேங்காய், வெற்றிலை பாக்கு, ரவிக்கைத் துணி எல்லாம் வைப்பார். அவசரத்தில் செய்கிற காரியம் இல்லை அது. சாமி முன்னால் விளக்கேற்றி, குங்குமம் வைத்து, பக்கத்து வீட்டுப் பெரியம்மாவும் வந்த பிறகுதான் நடக்கும். முதல் தடவை பஸ் நேரம் ஆகிவிட்டது என்று நான் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு நின்றேன், மாமியார் கை நடுங்க நடுங்க அள்ளிப் போட்டார். இப்போதெல்லாம் ஸ்டேஷனுக்குக் கிளம்ப வேண்டிய நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே என் பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு, மாமனாரோடு திண்ணையில் போய் உட்கார்ந்துகொள்கிறேன்.